அடுத்த சீசனில் எகிறப் போவது யார்? கல்லூரிக் கூடைப்பந்து: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவுக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஆட்டக்காரர்களின் முன்னேற்றத்தைக் கணிப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

சீசன் தொடங்கும் முன் "இந்த ஆண்டு கலக்கப் போகிறவர்கள்" என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். பல பெயர்கள் ஜனவரிக்குள் காணாமல் போய்விடுகின்றன. எதில் தொடங்கினால் கணிப்பு தேறும்?

ஆட்டக்காரரிடம் தொடங்காதீர்கள். அணியின் நிமிடக் கணக்கில் தொடங்குங்கள். ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் அணி ஓர் ஆட்டத்தில் பங்கிட்டுக் கொடுக்க இருப்பது 200 நிமிடம்தான். போன சீசனில் ஆடியவர்களில் படிப்பு முடிந்து போகிறவர்கள், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆள் எடுக்கும் டிராஃப்டுக்குப் போகிறவர்கள், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் ஆகியோரின் சராசரி நிமிடங்களைக் கூட்டுங்கள். 90 வந்தால் அத்தனை நிமிடம் காலியாகிறது. அதை கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்று இடம்வாரியாகப் பிரியுங்கள். பிறகு புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்று கழியுங்கள். மிச்சம் நிற்பதுதான் ஏற்கெனவே அணியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும்.

பெரும்பாலான பட்டியல்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. திறமையான பையன்தான், ஆனால் அவனுக்கு முன்னால் அதே இடத்தில் 32 நிமிடம் ஆடும் சீனியர் திரும்பி வருகிறார் என்றால், கோடையில் அவன் எவ்வளவு உழைத்திருந்தாலும் புள்ளிப்பட்டியலில் அது தெரியாது.

நிமிடம் காலியாகும் இடத்தைக் கண்டபின், அங்கே காத்திருப்பவரின் எண்களை 40 நிமிடத்துக்கு மாற்றுங்கள்: சராசரிப் புள்ளியை சராசரி நிமிடத்தால் வகுத்து 40-ஆல் பெருக்கினால் போதும்.

15 நிமிடம் ஆடுகிறவரை 30 நிமிடம் ஆட விட்டால் களைத்துப் போக மாட்டாரா? எதிரணியும் அவரைக் குறிவைக்குமே. 40 நிமிடக் கணக்கை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம்தான். பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடியை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். 7 அடி 4 அங்குல உயரமுள்ள சென்டர். 2020-21 சீசனில் ஆட்டத்துக்கு 14.7 நிமிடம், 8.7 புள்ளி. 2021-22-இல் 19 நிமிடம், 14.4 புள்ளி. 40 நிமிடத்துக்கு மாற்றினால் முதலாண்டு 23.7, இரண்டாம் ஆண்டு 30.3. அந்த இரண்டாம் ஆண்டில் சென்டர் இடத்தை அவர் டிரெவியன் வில்லியம்ஸோடு பங்கிட்டுக்கொண்டிருந்தார். வில்லியம்ஸ் படிப்பை முடித்துப் போனார்.

இப்போது 2022-23-க்கு முந்தைய கோடையில் உட்கார்ந்து கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் 30 நிமிடம் ஆடுவார் என்று எடுத்துக்கொண்டால் 30.3-இல் முக்கால் பங்கு, அதாவது 22.7. களைப்புக்கும் எதிரணியின் கவனத்துக்கும் 5 சதவீதம் கழித்தால் 21.6. நடந்தது என்ன? 31.7 நிமிடம் ஆடி 22.3 புள்ளி எடுத்தார், நாட்டின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். 40 நிமிடக் கணக்கில் பார்த்தால் அது 28.1, முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. ஊர் முழுக்க "எப்படி முன்னேறிவிட்டார்" என்று வியந்த ஆண்டில் அவர் புள்ளி எடுக்கும் வேகம் கூடவில்லை, நிமிடம்தான் கூடியது. உண்மையான முன்னேற்றம் அதற்கு முந்தைய ஆண்டே நடந்துவிட்டது, பெஞ்சில் இருந்ததால் பலர் கவனிக்கவில்லை.

5 முதல் 10 சதவீதம் கழிப்பது பொதுவாகப் பொருந்தும். ஆனால் இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஒன்று, ஆட்டத்துக்கு 8 நிமிடத்துக்கும் குறைவாக ஆடியவர்கள். அவர்களில் பலர் 25 புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துபோன பிறகு இறக்கிவிடப்பட்டவர்கள். எதிரில் நிற்பதும் பெஞ்ச் ஆட்டக்காரர்களே. இரண்டு, நவம்பர், டிசம்பரில் பலவீனமான அணிகளோடு குவித்த எண்கள். கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் கல்லூரிக் கூட்டமைப்பு) ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து அதே வகுத்தலைச் செய்து பாருங்கள். இரண்டு எண்ணும் அருகருகே இருந்தால் நம்பலாம். கான்ஃபரன்ஸ் எண் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தால் பெயரை அடித்துவிடுங்கள்.

நிமிடம் அதிகம் கூடாமலே புள்ளி இரண்டு மடங்கானவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுவது ஷாட் பங்கு. விஸ்கான்சினின் ஜானி டேவிஸ் முதலாண்டில் (2020-21) 24.3 நிமிடத்தில் 7.0 புள்ளி. அடுத்த ஆண்டு 34.2 நிமிடத்தில் 19.7. நிமிடமும் கூடியதுதான், ஆனால் 40 நிமிடத்துக்கு மாற்றினாலும் 11.5 என்பது 23 ஆனது. டிரைஸ், பாட்டர், ரூவர்ஸ், ஃபோர்டு என்று அணியின் முதன்மை ஷூட்டர்கள் ஒரே கோடையில் போய்விட்டார்கள். பந்து யார் கையில் முடிய வேண்டும் என்ற கேள்விக்கு டேவிஸ்தான் பதில்.

இதை அளக்க யூசேஜ் என்ற எண் உண்டு. ஒருவர் களத்தில் இருக்கும்போது அணியின் பந்து வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட்டிலோ, ஃப்ரீ த்ரோவிலோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்), டர்ன்ஓவரிலோ (பந்தை எதிரணியிடம் இழப்பது) முடிகிறது என்பது. ஐந்து பேர் ஆடுவதால் சராசரி 20. கென் பொமெராய், பார்ட் டோர்விக் இருவரின் புள்ளிவிவர இணையதளங்களிலும் இது கிடைக்கும். வெளியேறுகிறவர்களில் 25-க்கு மேல் யூசேஜ் உள்ளவர் இருந்தால் அணியில் பெரிய ஓட்டை விழுகிறது. அதை நிரப்பப் போகிறவர், இப்போதே 20-ஐ ஒட்டி இருப்பவராகவும், தானே ஷாட்டை உருவாக்கிக்கொள்பவராகவும் இருக்க வேண்டும். 13 சதவீத யூசேஜில், பிறர் கொடுத்த பந்தை மூலையில் நின்று எறிபவரை ஒரே கோடையில் முதன்மை ஆட்டக்காரராக ஆக்க முடிவதில்லை.

பங்கு கூடினால் துல்லியம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டேவிஸின் மூன்று புள்ளி ஷாட் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) வெற்றி விகிதம் ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 31 அளவுக்கு இறங்கியது. கடினமான ஷாட்களை அவரே எடுக்க வேண்டியிருந்தது. புள்ளி எகிறும், துல்லியம் இறங்கும், இரண்டும் ஒரே சீசனில் நடக்கும்.

போன சீசனில் மூன்று புள்ளி ஷாட்டை 44 சதவீதம் போட்டவர் அடுத்த ஆண்டும் அப்படிப் போடுவாரா?

எத்தனை முயற்சியில் என்று முதலில் கேளுங்கள். 35 சதவீதத் திறமை உள்ளவர் 68 முறை எறிந்தால், வெறும் அதிர்ஷ்டத்தினாலேயே விகிதம் 6 சதவீதப் புள்ளி மேலோ கீழோ போவது சர்வசாதாரணம். 200 முறை எறிந்தாலும் 3 சதவீதப் புள்ளிக்கு மேல் ஆடும். இண்டியானாவின் விக்டர் ஒலடிப்போ 2011-12-இல் 20.8 சதவீதம் போட்டவர், 2012-13-இல் 68-க்கு 30, அதாவது 44.1 சதவீதம் போட்டார். தடுப்பாட்டத்திலும் கூடையருகே முடிப்பதிலும் அவர் முன்னேறியது நிஜம். டிராஃப்டில் இரண்டாவது ஆளாகவே எடுக்கப்பட்டார். ஆனால் அந்த 44-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். கோடு இன்னும் தள்ளியிருக்கும் என்.பி.ஏ.வில் முதல் சீசனில் அவர் போட்டது 32.7.

எளிய மருந்து ஒன்று உண்டு. எவராக இருந்தாலும் அவர் கணக்கில் சராசரியான 100 முயற்சியையும் 34 வெற்றியையும் சேர்த்துவிட்டு விகிதம் பாருங்கள். 40-க்கு 18 போட்டவர் 45 சதவீதம் அல்ல, 140-க்கு 52, அதாவது 37 சதவீதம். 40-க்கு 8 போட்டவர் 20 அல்ல, 30. இந்த இரண்டாமவர்தான் கணிப்பவருக்கு முக்கியமானவர். அவருடைய ஃப்ரீ த்ரோ 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ த்ரோவில் தடுக்க ஆளில்லை, தூரம் மாறாது, கை எவ்வளவு சுத்தம் என்பது அங்கே தெரிந்துவிடும். ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்டு முதலாண்டில் மூன்று புள்ளியில் 24 சதவீத அளவில் தடுமாறினார், ஆனால் ஃப்ரீ த்ரோ 80-க்கு மேல். இரண்டாம் ஆண்டில் 38-ஐத் தாண்டினார். கடைசி ஆண்டில் 45-ஐத் தாண்டி, ஆட்டத்துக்கு 25 புள்ளி எடுத்தார்.

மாறாக, ஃப்ரீ த்ரோ 58 சதவீதம், மூன்று புள்ளி 41 சதவீதம் என்று ஒருவர் இருந்தால் அவர்மேல் பந்தயம் கட்ட வேண்டாம்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறவர்கள் இதையும் பாருங்கள்: ஆடவர் முதல் பிரிவில் 2019-20-இலும் மகளிரில் 2021-22-இலும் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டி விகிதங்களை நேரடியாக ஒப்பிட்டால் பிழை வரும்.

உயரமான முதலாண்டு சென்டர்களில் யார் தேறுவார் என்று எப்படிக் கண்டுகொள்வது?

ஃபவுலைப் பாருங்கள். ஐந்தாவது ஃபவுலில் ஆள் வெளியே. 40 நிமிடத்துக்கு 7 ஃபவுல் செய்கிறவர் கணக்குப்படி 28 நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனதுமே பல பயிற்சியாளர்கள் உட்கார வைத்துவிடுவதால் கையில் கிடைப்பது 20 நிமிடம்கூட இருக்காது. மற்ற எண்கள் நன்றாக இருந்து ஃபவுல் மட்டும் அதிகமென்றால் அது நல்ல அறிகுறி. கால் வைக்கும் இடமும் கையை நேராக உயர்த்துவதும் இரண்டாம் ஆண்டில் பழகிவிடும், நிமிடம் தானாகக் கூடும். பிப்ரவரி, மார்ச் ஆட்டங்களில் ஃபவுல் குறையத் தொடங்கியிருந்தால் இன்னும் உறுதி.

சின்னக் கல்லூரியில் 17 புள்ளி எடுத்தவர் பெரிய அணிக்கு மாறினால் உயர்வாரா, தாழ்வாரா?

முதல் ஆண்டில் புள்ளி குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜோனாய் ப்ரூம் மோர்ஹெட் ஸ்டேட்டில் 16.8 எடுத்தவர். ஆபர்னுக்கு வந்த 2022-23-இல் 14.2. பிறகு 16.5, அடுத்து 18.6 என்று ஏறினார். ஆகவே கவனிக்க வேண்டிய ஆண்டு மாறிய ஆண்டல்ல, அதற்கு அடுத்தது. இதற்கு எதிர்மாறாக நார்தர்ன் கொலராடோவில் 20.2 எடுத்த டால்டன் கனெக்ட் டென்னஸியில் 2023-24-இல் 21.7 எடுத்து எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸின் சிறந்த வீரரானார். அங்கே அவருக்காக ஷாட் பங்கு காத்திருந்தது. விதி அதுவல்ல, விலக்கு.

பெரிய அணியின் பெஞ்சிலிருந்து சின்ன அணிக்கு இறங்குகிறவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புள்ளி மட்டுமே உங்கள் அளவுகோல் என்றால் பெரிய பாய்ச்சல்கள் அங்கேதான் நிறைய.

எந்த ஆண்டு மாணவர் அதிகம் முன்னேறுவார்?

முதலாண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர். அதற்குப் பிறகு ஏற்றம் ஆண்டுக்காண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் வகுப்பை மட்டும் பார்க்காமல் வயதையும் பாருங்கள். 18 வயது முதலாண்டுக்காரரும், ஓராண்டு ஆடாமல் ரெட்ஷர்ட்டாக இருந்துவிட்டு 20 வயதில் முதலாண்டு ஆடுகிறவரும் ஒரே எண்களை எடுத்திருந்தால் இளையவரைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். ஈடி உயர்நிலைப் பள்ளியில்தான் கூடைப்பந்துக்கு வந்தவர்.

மகளிர் ஆட்டத்துக்கும் இதே முறை பொருந்துமா?

இன்னும் நன்றாகப் பொருந்தும். 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் அதே 40. மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் டிராஃப்டுக்கு வயதும் படிப்பும் வரம்பாக இருப்பதால் நட்சத்திரங்கள் ஒரே ஆண்டில் பறந்துவிடுவதில்லை. யார் எப்போது வெளியேறுவார் என்பது முன்கூட்டியே தெரியும். சவுத் கரோலைனாவில் அலியா பாஸ்டனுக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து வந்த கமிலா கார்டோசோ, 2022-23-இல் 20 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி 9.8 புள்ளியும் 8.5 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். தொடக்க ஐவரும் போனதும் அணி சரியும் என்று நினைத்தவர்கள் உண்டு. பெஞ்சின் 40 நிமிடக் கணக்கைப் பார்த்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது. அடுத்த சீசனில் கார்டோசோ 14.4 புள்ளி, 9.7 ரீபவுண்ட், அணி 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

பட்டியலை எப்போது போடுவது?

ஏப்ரலில் போட்டால் வீண். கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது. 2021-இல் ஒருமுறை மாறுகிறவர் ஓராண்டு உட்கார வேண்டாம் என்றானது. 2024-இல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. இதனால் வசந்தகாலத்தில் அணியின் நிமிடக் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கல்லூரிக்குத் திரும்ப மே மாத இறுதிவாக்கில்தான் கெடு முடியும். எனவே ஜூனில் முதல் பட்டியல். அக்டோபரில் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துத் தொடக்க ஐவரை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

பயிற்சியாளர் மாறியிருந்தால் ஆட்ட வேகத்தையும் பாருங்கள். ஆட்டத்துக்கு 62 பந்து வாய்ப்பு ஆடிய அணி 72-க்குப் போனால், ஆட்டக்காரர் துளியும் மாறாமலே புள்ளி 16 சதவீதம் கூடும். வேகம் குறையும் அணியில் இருப்பவரை அதே அளவு இறக்கிக் கணக்கிடுங்கள்.