நிலவேம்பு: வேலியோரத்திலிருந்து பாத்திக்கு

கேள்வி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியோரம் நிலவேம்பு தானாக முளைக்கிறது. காய்ச்சலுக்கு அம்மம்மா அவித்துத் தந்த செடி. அரைப் பரப்புக் காணியில் நடலாமா? எப்போது வெட்டுவது? நீரிழிவுள்ள அப்பா தினமும் குடிக்க விரும்புகிறார். கொடுக்கலாமா?

பதில்: தம்பி, அப்பாவின் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலவேம்பு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையும் கசாயமும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அம்மம்மா காலத்திலும் இதைச் சில நாள் மருந்தாகத்தான் கொடுத்தார்கள். தேநீர்போல அன்றாடம் குடித்ததில்லை. காய்ச்சல், பசியின்மை, வயிற்றுப் புழு, ஈரல் கோளாறு ஆகியவற்றுக்குச் சித்த வைத்தியத்தில் இது பழகிய மூலிகை. ஆனால் மாரியில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். கசாயத்தை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனித் தோட்டம். வேலியோரச் செடி நிலவேம்புதானா என்று பாருங்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு மூலைகளும் தட்டுப்படும். சின்ன வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதாக் கறை இருக்கும்.

உங்கள் செம்மண் நீரைத் தேக்காது, அதனால் நல்ல இடம். ஆவணிக் கடைசியில் அரைநிழலில் நாற்றுமேடை போட்டு, ஐப்பசி மழையோடு ஓரடிக்கு அரையடி இடைவெளியில் நடுங்கள். மழைநீர் நின்றால் வேர் அழுகும். வாய்க்கால் வெட்டி வையுங்கள்.

வெட்டும் நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நட்டு மூன்று, நான்கு மாதம் என்பது பொதுக் கணக்கு. நீங்கள் நாளை எண்ணாமல் பூவைப் பாருங்கள். முதற்பூக்கள் விரியும்போது இலையில் கசப்புச் சத்து உச்சத்தில் இருக்கும். காய் முற்றியபின் வெட்டினால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். பனையோலைப் பாயில் நிழலில் உலர்த்துங்கள். கசக்கினால் நொறுங்கவேண்டும், பச்சை நிறமும் போகக்கூடாது.

விதைக்குப் பத்துச் செடியை விட்டுவையுங்கள். காய் வெடித்துச் சிதறும் என்பதால், பழுப்பேறியதும் வெயில் ஏறுமுன் பறியுங்கள்.

விற்பதானால் ஒன்று: தென்னிலங்கை வியாபாரி சிங்களத்தில் 'பின்கொஹொம்ப' என்று கேட்டால், அது கிடைப்பதற்கரிய வேறொரு செடி. உங்களிடம் இருப்பதை 'ஹீன் பின்கொஹொம்ப' என்பார்கள். விலை பேசுமுன் செடியைக் காட்டிவிடுங்கள்.