நெடுநல்வாடையின் குளிர் – கடிதம்

வணக்கம்.

பத்துப்பாட்டில் ஒன்றான, நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை உரையோடு வாசித்து முடித்தேன். மேய மறந்த மாடு, இரை தேடாத புறா, சிலந்தி வலை படிந்த விசிறி எல்லாமே பிரிவில் வாடும் அரசியின் மனத்துக்குக் குறியீடுகள் என்றும், கூதிர் என்னும் மழைக்குளிர்ப் பருவம் சாவைக் குறிக்கிறது என்றும் புரிந்துகொண்டேன். இந்த வாசிப்பு சரிதானா?

ச.

அன்புள்ள ச.,

அப்படி வாசித்தால் கவிதையில் பாதி கைநழுவிப் போகும். புறாவைப் பாருங்கள். 'இன்புறு பெடையொடு' என்கிறார் நக்கீரர். சேவலும் பெடையும் சேர்ந்தேதான் இருக்கின்றன. இரவா பகலா என்று தெரியாமல் இரை தேடப் போகாமல் முடங்கிக் கிடக்கின்றன. பிரிந்தவளுக்கு இணைந்திருக்கும் ஜோடி எப்படிக் குறியீடாகும்? விசிறியும் அரசியின் அறையில் இல்லை. ஊரிலுள்ள வீடுகளில் வளைந்த முளையில் சுருக்கித் தொங்குகிறது. சிலந்தி நூல் கட்டும் அளவுக்கு அதை யாரும் தொடவில்லை என்றால் குளிர் வந்து நாளாகிவிட்டது என்று பொருள்.

சாவும் பொருந்தவில்லை. அதே மழையில்தான் முசுண்டை வெள்ளையாகவும் பீர்க்கு பொன்னாகவும் புதர்தோறும் பூக்கின்றன, நெற்கதிர் வளைகிறது, கள்ளுண்டவர்கள் தூறலைப் பொருட்படுத்தாமல் திரிகிறார்கள். இது ஐப்பசி, கார்த்திகையின் மழைக்குளிர். உறைபனிக் குளிர்காலத்தை இதன்மேல் ஏற்றக் கூடாது.

மொத்தம் 188 அடிகள். முதல் 70 அடிகளில் வரும் ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: குளிரால் எது நின்றது? அதற்குப் பதில் என்ன நடக்கிறது? கன்னல் என்னும் நீர்க்கலத்தில் குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை. தடவு என்னும் கணப்புச் சட்டியில் நெருப்புக் காய்கிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. யாழ் நரம்பு குளிரில் சுருதி மாறிவிட, ஆடல் மகளிர் அதை மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் ஒரு மாற்று வழி இருக்கிறது. பிறகு அரசியின் கட்டிலுக்கு வரும்போது குளிரைப் பற்றிப் பேச்சே இல்லை. தோழியரும் வளர்ப்புத் தாயரான செவிலியரும் தேற்றியும் தேறாமல், விதானத்தில் நிலவைப் பிரியாதிருக்கும் உரோகிணி என்னும் விண்மீனின் ஓவியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அவளுக்கு மட்டும் மாற்று வழி கிடையாது. நக்கீரர் இதை எங்கும் சொல்வதில்லை, அடுத்தடுத்து வைத்தே உணர்த்துகிறார். எனக்கு இந்தக் கவிதையில் மிகவும் பிடித்தது இதுதான்.

அவளைப் பிரிந்து போருக்குப் போன அரசன் தங்கியிருக்கும் பாசறையிலும் இதே கண்ணோடு பாருங்கள். வாடை வீசும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் 'தெற்கேர்பு இறைஞ்சிய' தலையோடு சாய்கின்றன. வடகாற்றில் சுடர் தெற்கேதான் சாயும், அவ்வளவு துல்லியம். அந்த வெளிச்சத்தில், நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துவருகிறான் அரசன்.

அடையாளம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது வேலின் தலையில் கட்டிய வேம்பு. அது பாண்டியனுக்குரிய பூ. பெயரே சொல்லாத பாட்டில் தலைவன் யாரென்று அது காட்டிவிடுவதால்தான் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதை, தலைவன் யாரென்று காட்டாத காதல் பாட்டான அகம் என்னாமல், புறம் என்றார். வேம்புக்கு அந்தப் பொருள் ஊரறிந்த வழக்கால் வந்தது. விசிறிக்கும் புறாவுக்கும் அப்படியொரு வழக்கு இல்லை.