வாசகர் கேள்வி – பதில்: விலைச்சீட்டில் தெரியாதவை

கேள்வி: என் மகள் பி.காம். முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். கடையில் 28,000 ரூபாய்க்கு ஒரு மடிக்கணினியும் 45,000 ரூபாய்க்கு ஒன்றும் காட்டினார்கள். இரண்டிலும் விண்டோஸ் 11 இருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவுத் திரை. படிப்புக்குத்தானே, குறைந்த விலையே போதும் என்கிறார் என் கணவர். 17,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் பொருள் உண்டா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய விவரத்தாளின்படி, விலை குறைந்த கணினியில் இருப்பவை இன்டெலின் செலரான் என்4020 செயலி (பிராசசர்), 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம்), கோப்புகளுக்கு இஎம்எம்சி வகையில் 64 ஜிபி சேமிப்பகம். விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச அளவும் இதே 4 ஜிபி, 64 ஜிபிதான். அதாவது வாங்கும் நாளிலேயே அக்கணினி கடைசிப் படியில் நிற்கிறது. ரேம் நிறைந்துவிட்டால், அதில் இருப்பதை விண்டோஸ் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருக்கும்; அந்தச் சேமிப்பகமும் மெதுவானதாக இருப்பதால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவதற்கே காத்திருக்க நேரும். இஎம்எம்சி தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிறகு கழற்றிப் பெரிதாக மாற்றவும் வழியில்லை.

இப்படிப்பட்ட ஒரு கணினியை என் உறவினர் வீட்டில் ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைய வகுப்பும் எக்செல் தாளும் ஒருசேரத் திறந்திருந்தன. அந்தப் பெண் கட்டத்தில் 4500 என்று அடித்தாள். 4 மட்டும் தெரிந்தது. மற்ற எண்கள் விழவில்லை என்று நினைத்து மறுபடியும் அடித்தாள். சற்றுப் பொறுத்து எல்லாம் சேர்ந்து வந்து 45004500 போன்ற ஏதோ ஓர் எண்ணாக நின்றது. அவள் அதை அழித்தாள். அழிப்பதும் தாமதமாகவே நடந்தது. கணக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது சிறு தொல்லை அன்று. தவறு தன்னுடையதா, கணினியுடையதா என்று தெரியாமலே அவள் பழக வேண்டியிருக்கிறது.

17,000 ரூபாயை ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 300 நாள் என்று பிரித்துப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 11 ரூபாய், ஒரு தேநீரின் விலை. அந்த 45,000 ரூபாய்க் கணினியில் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்), பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் வகை முழு எச்டி திரை, ரேமைக் கூட்டுவதற்கு ஒரு காலி இடம் ஆகியவை இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அதே விலையை தொடுதிரைக்கோ, விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் அட்டைக்கோ, மெல்லிய உடலுக்கோ கேட்கிறார்கள் என்றால் வேண்டாம். அவை உங்கள் மகளின் படிப்புக்கு உதவப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்காகக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால் வாங்காதீர்கள். அலுவலகங்களில் பயன்படுத்தித் திருப்பிய மடிக்கணினிகளைச் சரிபார்த்து விற்கும் கடைகளில், 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் கொண்டவை உங்கள் 28,000 ரூபாய்க்குள் பெரும்பாலும் கிடைக்கும். இன்டெல் என்றால் விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, ரசீதும் எழுத்துமூலமான உத்தரவாதமும் பெறுங்கள். புதிய செலரானைவிட அது அவளுக்கு நன்றாக உழைக்கும்.

கேள்வி: விலையை எண்ணால் சொல்லிவிடலாம். பயன்பாட்டு அனுபவம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் உணர்வு. அளக்க முடிந்ததைக் கொண்டு முடிவெடுப்பதுதானே முறை?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அனுபவத்தில் அளக்கக்கூடிய பகுதி நீங்கள் நினைப்பதைவிடப் பெரிது. 1982-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் டோஹர்ட்டியும் அர்விந்த் தடானியும் இதைப் பணக்கணக்காகவே ஆராய்ந்தார்கள். கணினி பதில் தர இரண்டு விநாடி எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை, அந்நேரத்தில் மனிதர் அடுத்த வேலையைச் சிந்தித்துக்கொள்வார் என்றே அதுவரை கருதப்பட்டது. அவர்கள் கண்டதோ வேறு. கணினி விரைந்து பதில் தரத் தர, அதன்முன் அமர்ந்திருப்பவர் யோசிக்க எடுக்கும் நேரமும் குறைந்தது. நாம் ஒரு செயலை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. நாலைந்து செயல்களை வரிசையாகக் கோத்து வைத்திருக்கிறோம். நடுவில் காத்திருக்க நேர்ந்தால் அந்தக் கோவை அறுந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டியிருக்கிறது. பதில் 0.4 விநாடிக்குள் வர வேண்டும் என்ற வரம்பு இன்று டோஹர்ட்டியின் பெயராலேயே வழங்குகிறது.

கணினி நேரம் மனித நேரத்தைவிட விலை உயர்ந்ததாக இருந்த காலம் போய்விட்டது என்பதே அவர்கள் வாதத்தின் அடிப்படை. இன்று அது இன்னும் பொருந்தும். ஆயினும் உங்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது: வாரத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் செலுத்தவும் மின்னஞ்சல் பார்க்கவும் மட்டும் திறக்கப்படும் கணினிக்கு விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதும். நாள்தோறும் ஆறு மணி நேரம் அதன்முன் அமர்பவருக்கு அந்த அளவுகோல் உதவாது.

கேள்வி: என் மடிக்கணினி 2017-இல் வாங்கியது, ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். திறப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். புதிது வாங்கித்தான் தீர வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: வேண்டியதில்லை, ஐயா. உங்கள் செயலி நன்றாகவே இருக்கிறது. தாமதம் ஹார்ட் டிஸ்கில்தான். மடிக்கணினிகளில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுழன்று வரவும், படிக்கும் முள் அங்கே நகரவும் காத்திருந்தால், ஒரு விநாடியில் நூறு சிறு கோப்புகளைக்கூடத் தொட முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதே அளவுள்ள 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் பொருத்தினால், கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். பழைய டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் ஓர் உறையில் போட்டுப் படங்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பதிவுசெய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதன்பிறகு, கட்டுரை எழுதுவதும் இணையம் பார்ப்பதும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும். மாணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஆசிரியருக்குக் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: ‘ரைசன் 5’ என்று இருந்தால் போதும், எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். சரியா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: சரியில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் 7520யு, 7530யு செயலிகள் இரண்டுக்கும் பெயர் ரைசன் 5. இந்த 7000 வரிசையில் மூன்றாம் இலக்கமே உள்ளிருக்கும் வடிவமைப்பைக் காட்டும். முன்னதில் அது 2, அதாவது 2019-இல் வந்த ஸென் 2. பின்னதில் 3, அடுத்த தலைமுறை. விலை வேறுபாடு சிறிதென்றால் பின்னதை எடுங்கள்.

கேள்வி: தணிக்கையாளர் பயிற்சியில் இருக்கிறேன். மேக்புக் ஏர் வாங்க ஆசை. அனுபவத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அதன் திரை, தொடுபலகை, மின்கலம், விசிறியே இல்லாத அமைதி ஆகிய அனைத்தும் புகழுக்குத் தக்கவை. ஆனால் கணக்கு மென்பொருளான டேலி மேக்கில் நேரடியாக இயங்காது. நாள் முழுவதும் டேலியில் இருக்கும் உங்களுக்கு நல்ல விண்டோஸ் மடிக்கணினியே இனிய அனுபவம் தரும். பிற்காலத்தில் வாங்கினாலும், ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு 16 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள்.

கேள்வி: கடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் எதைப் பரிசோதிப்பது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: காட்சிக்காக ஓடும் வண்ணப் படத்தை நிறுத்தச் சொல்லி, வெள்ளைப் பின்னணியில் எழுத்துகள் உள்ள பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். நின்றபடியும் பக்கவாட்டிலும் பாருங்கள். எழுத்து வெளிறினால் அது மலிவான டிஎன் திரை. பிறகு நாற்காலி கேட்டு வாங்கி அமர்ந்து, ஒரு பத்தி முழுவதும் தட்டச்சு செய்யுங்கள். விசைப்பலகையின் நடுப்பகுதி அமுங்கி வளைகிறதா, இடைவெளி விசையின் ஓரத்தில் தட்டினாலும் ஏற்கிறதா என்று விரல் சொல்லிவிடும். மூடியைத் திறக்கையில் திரையின் மூலையைப் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் தூக்குங்கள். கீல் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டால் இரண்டாம் ஆண்டில் அங்கேதான் உடையும். கடைசியாக, அடிப்பக்கத்தைத் திருப்பி, கணினி சற்று நேரம் ஓடிய பின் எந்த இடம் சூடாகிறது என்று கை வைத்துப் பாருங்கள். மடியில் வைத்து வேலை செய்பவர் நீங்கள்தானே.