கியூபா சைக்கிள் பயணம்: ‘காப்பீடும் சேர்த்துத்தான்’ என்று ஏஜென்ட் சொன்னால்...

கேள்வி: நானும் என் கணவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வரும் பிப்ரவரியில் கியூபாவுக்கு, வழிகாட்டியுடன் செல்லும் சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். ஹவானாவில் தொடங்கி, சியென்ஃபுவேகோஸ், டிரினிடாட் ஆகிய காலனிக் கால நகரங்கள் வழியாக அன்கோன் கடற்கரையில் முடிகிறது. கணவர் மின்சார சைக்கிள் கேட்டிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். “மருத்துவக் காப்பீடும் சேர்த்துத்தான் இந்தத் தொகை” என்று சொல்லி ஏஜென்ட் ஒரு பக்கச் சான்றிதழ் கொடுத்தார். இது போதுமா, தனியாக வேறு பாலிசி எடுக்க வேண்டுமா?

பதில்: போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போதும் என்று நிரூபிக்க வேண்டியது ஏஜென்டின் வேலை; சந்தேகப்பட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்த ஒரு பக்கக் காகிதம் எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 மே 1 முதல், கியூபாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர்களிடம் மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. ஹவானா விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் நீட்டுவதற்குத்தான் அந்தச் சான்றிதழ். அதிகாரி அதைப் பார்த்துத் தலையாட்டியவுடன் அதன் வேலை முடிந்துவிட்டது. மருத்துவமனையில் கட்டிலில் படுத்திருக்கும்போது பணம் கொடுப்பது வேறு ஆவணம்: முப்பது, நாற்பது பக்கம் நீளும் பாலிசி நிபந்தனைகள். அதைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்டவுடன் “எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது”, “இத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம், யாருமே கேட்டதில்லை” என்ற இரண்டு பதில்களில் ஒன்று வரும். இரண்டாவது பதில் உண்மையாகவே இருக்கலாம். யாரும் கேட்காததால்தான் இந்த வியாபாரம் இப்படி நடக்கிறது.

இத்தகைய தொகுப்புச் சுற்றுலாக்களில் பாலிசி பெரும்பாலும் சுற்றுலா நிறுவனத்தின் பெயரில் எடுத்த குழுப் பாலிசியாக இருக்கும். உங்கள் இருவரின் பெயரும் அதன் பட்டியலில் ஏறியிருக்கிறதா, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு பொருந்துகிறதா, நாட்டின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டின் பெயரில் என்ன தவறு வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு கோப்பில், பயணத் திட்டத்தில் டிரினிடாட் என்று இருந்ததைக் கண்டு ஏஜென்ட் அலுவலகத்தில் யாரோ ‘டிரினிடாட் அண்ட் டொபேகோ’ என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அது கரீபியக் கடலின் தென்கோடியில் உள்ள தனி நாடு. நீங்கள் போவது 1514-இல் நிறுவப்பட்ட கியூப நகரத்துக்கு. காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்பீட்டை மறுக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இனி முக்கியமான விஷயம். பாலிசியின் பின்பக்கங்களில், யாரும் படிக்காத இடத்தில், ‘பொருளாதாரத் தடை’ பற்றிய ஒரு விதி இருக்கும். “இழப்பீடு வழங்குவது எங்களை ஐக்கிய நாடுகள், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா ஆகியவற்றின் தடைச் சட்டங்களுக்கு உட்படுத்துமானால், நாங்கள் வழங்க மாட்டோம்” என்பது அதன் சாரம். வேறு பெரும்பாலான நாடுகளுக்குப் போகும்போது இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கியூபாவுக்குப் போகும்போது பாலிசியில் நீங்கள் முதலில் தேட வேண்டிய வரியே இதுதான். கியூபா மீது அமெரிக்க வர்த்தகத் தடை 1962 முதல் நீடிக்கிறது. அது அமெரிக்க நிறுவனங்களை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அவர்களுக்குச் சொந்தமான வெளிநாட்டுக் கிளை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பாலிசியில் அச்சிட்டிருக்கும் பெயர் உள்ளூர் நிறுவனமாக இருக்கலாம். ஆனால் அதன் பங்குதாரர் யார், அதற்கு மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு, தருவது யார், நள்ளிரவில் உங்கள் போனை எடுக்கும் உதவி நிறுவனம் யாருடையது? சங்கிலியில் ஒரு கண்ணி அமெரிக்காவுடையதாக இருந்தாலும் பணம் அங்கே நின்றுவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்டுகளுக்குத் தெரியாது. தெரிந்த காப்பீட்டு அலுவலர்களும் சொல்வதில்லை. 2015 சனவரியில் அமெரிக்கக் கருவூலத் துறை தன் கியூப விதிகளைத் தளர்த்தியபோது, கியூபாவுக்கு வெளியே வசிக்கும் ஒருவர் அந்த நாட்டுக்குப் பயணம் செய்தால், அவருக்கான உலகளாவிய மருத்துவ, ஆயுள், பயணக் காப்பீட்டை அமெரிக்க நிறுவனங்களும் வழங்கலாம் என்று பொது அனுமதி கொடுத்தது. அந்தப் பாலிசியின் கீழ் வரும் இழப்பீட்டைக் கொடுப்பதும் அதில் அடங்கும். அதாவது, சாதாரணப் பயணியான உங்களுக்கு எலும்பு முறிந்தால் கியூப மருத்துவமனைக்குப் பணம் அனுப்புவது குற்றமில்லை. ஆனால் பல நிறுவனங்களின் விதி நூல்களில் ‘கியூபா’ என்ற பெயர் இன்னும் தடைசெய்த நாடுகளின் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு மாற்றி எழுத ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மறுத்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, கொடுத்தால் மேலதிகாரி கேட்பார் என்ற பயம். சட்டம் அனுமதித்ததை எழுத்தர் மறுப்பார். ஆகவே சட்டத்தில் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் போய்விடாதீர்கள். விதிவிலக்கு நிறுவனத்துக்கு அனுமதி தருகிறதே தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பாலிசியிலேயே கியூபாவை விலக்கியிருந்தால், இந்த அனுமதியை எடுத்துக் காட்டி வாதாடிப் பயனில்லை. விலக்காமல், பொதுவான தடை விதியை மட்டும் காட்டி மறுத்தால், அப்போதுதான் இது உங்கள் கையில் உள்ள ஆயுதம்.

இதைச் சோதிக்க ஒரே வழி, மின்னஞ்சலில் எழுதிக் கேட்பதுதான். ஏஜென்டுக்கு எழுதாதீர்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். “இந்த எண் கொண்ட பாலிசியின் கீழ், இன்ன தேதிகளில் கியூபாவில் எங்களுக்கு ஏற்படும் விபத்து, நோய் ஆகியவற்றின் சிகிச்சைச் செலவையும், தாயகம் திரும்பும் மருத்துவப் பயணச் செலவையும் வழங்குவீர்களா? தடை விதி இதற்குக் குறுக்கே நிற்குமா?” ஆம், இல்லை என்று பதில் வர வேண்டும். “நிபந்தனைகளுக்கு உட்பட்டு வழங்கப்படும்” என்று பதில் வந்தால் அது பதிலே அல்ல, மறுபடியும் கேளுங்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசியவரின் வார்த்தையை நம்பி எந்த இழப்பீடும் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கியூபாவில் வெளிநாட்டவர்களைப் பொதுவாகத் தனி சர்வதேச மருத்துவமனைகளுக்கே அனுப்புவார்கள். ஹவானாவில் சிரா கார்சியா மருத்துவமனை இருக்கிறது; டிரினிடாடிலும் சியென்ஃபுவேகோஸிலும் சிறிய சர்வதேசக் கிளினிக்குகள் உண்டு. கட்டணத்தை வெளிநாட்டு நாணயக் கணக்கில் போடுவார்கள். பில் கட்டாமல் நாட்டை விட்டு வெளியேற விடாமல் நிறுத்தவும் செய்வார்கள். “நீங்கள் முதலில் கட்டிவிடுங்கள், ஊர் திரும்பியதும் ரசீதைக் கொடுங்கள்” என்று சொல்லும் பாலிசி அங்கே அரைப் பாலிசிதான், ஏனென்றால் பணத்தைக் கொண்டுசேர்க்கும் வழிகளும் அங்கே குறைவு. அமெரிக்க வங்கிகளின் அட்டைகள் வேலை செய்யாது. மற்ற நாட்டு அட்டைகளும் எப்போது இயந்திரம் இயங்குமோ அப்போதுதான். வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களோடு கணக்குப் பார்க்க ‘அசிஸ்துர்’ என்ற கியூப அமைப்பு இருக்கிறது. உங்கள் காப்பீட்டாளரின் உதவிப் பிரிவு அதனோடு வேலை செய்கிறதா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அவசர எண்ணாக இலவச அழைப்பு எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் சாதாரண எண்ணையும் வாங்குங்கள். இலவச எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை.

இப்போது மின்சார சைக்கிள். பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுவதைப் பெரும்பாலான பயணப் பாலிசிகள் ஏற்றுக்கொள்கின்றன. பந்தயத்தையும், மலைச்சரிவில் வேகமாகச் சைக்கிளில் இறங்குவதையும் விலக்குகின்றன. தகராறு மின்சார சைக்கிளில்தான். மிதித்தால் மட்டும் உதவும் 250 வாட் மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடும் உதவியும் இருந்தால், அதை ஐரோப்பிய விதி சைக்கிளாகவே கருதுகிறது. ஸ்கூட்டர் போலக் கைப்பிடியை முறுக்கினால் ஓடுவது என்றால், பல பாலிசிகளின் கண்ணில் அது மோட்டார் வாகனம். ஓட்டியவருக்குக் காயம், எதிரே வந்தவருக்குக் காயம், இரண்டுக்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். கணவருக்குக் கொடுக்கப்போகும் வண்டியின் வகையைச் சுற்றுலா நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, காப்பீட்டாளருக்கு அனுப்பிவையுங்கள். தலைக்கவசம் கட்டாயம் என்று பாலிசி சொன்னால் கட்டாயம்தான், கடற்கரை வரை போய்வரும் பன்னிரண்டு கிலோமீட்டர் சமவெளிச் சாலையிலும்.

காப்பீட்டுக்கு அப்பால் ஒரு சொல். 2024 அக்டோபரில் கியூபாவின் மின்கட்டமைப்பு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சாய்ந்தது. அதற்குப் பிறகும் மின்வெட்டு அங்கே அன்றாடம். மின்சார சைக்கிளுக்கு இரவில் சார்ஜ் ஏறவில்லை என்றால், மறுநாள் கணவர் மிதிக்கப்போவது மோட்டாரும் பேட்டரியும் சுமந்த, சாதாரணத்தைவிடப் பல கிலோ கனமான வண்டி. சியென்ஃபுவேகோஸிலிருந்து டிரினிடாட் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மாற்று பேட்டரியை நீங்கள் எடுத்துச் செல்லவும் முடியாது; 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதில்லை, சைக்கிள் பேட்டரிகள் அதைவிடப் பெரியவை. “பின்னால் வேன் வரும்” என்பார் ஏஜென்ட். எரிபொருள் தட்டுப்பாடு உள்ள நாட்டில் அந்த வேனுக்கு டீசல் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அங்கே அவருக்குப் பதில் இருக்கிறதா என்பதை வைத்தே அவர் கியூபாவை எவ்வளவு அறிந்தவர் என்று கணித்துவிடலாம். மின்வெட்டாலோ டீசல் இல்லாததாலோ பயணம் பாதியில் நின்றால் காப்பீடு கைகொடுக்காது. பாலிசி எடுக்கும்போதே ஊரறிந்த செய்தியாக இருந்ததற்கு எவரும் இழப்பீடு தருவதில்லை.

நான் பார்த்த கியூபா கோப்புகளில் விழுந்து அடிபட்டவர்கள் நெடுஞ்சாலையைவிட நகரங்களுக்குள் விழுந்தவர்களே அதிகம். டிரினிடாடின் பழைய பகுதி முழுக்க உருளைக் கற்கள் பதித்த தெருக்கள். அந்த நகரமும் அதை அடுத்த கரும்பாலைப் பள்ளத்தாக்கும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. கற்களை யாரும் சமப்படுத்தப் போவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வழிகாட்டி சிரித்தால் சிரிக்கட்டும். வசந்த மாதங்களில் போயிருந்தால் தென்கடற்கரையிலுள்ள பிளாயா கிரோன் பக்கம் சாலையைக் கடக்கும் நண்டுப் படையையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அவற்றின் கொடுக்குகள் டயரைக் குத்திவிடும். பிப்ரவரியில் பெரும்பாலும் தப்பித்தீர்கள்.

ரத்த அழுத்தத்தை மறைக்காதீர்கள். “மாத்திரைதானே, எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்” என்று ஆலோசனை சொல்லும் ஏஜென்ட், இழப்பீடு மறுக்கப்படும் நாளில் போனை எடுக்க மாட்டார். மாத்திரையை முழுப் பயணத்துக்கும் மேலாக இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அங்கே மருந்துக் கடையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னும் சில விஷயங்களைப் பாருங்கள். கியூபாவுக்கு நுழையும் முன் நிரப்ப வேண்டிய ‘டி-வியாஹெரோஸ்’ படிவம் இலவசம். அதற்குச் ‘சேவைக் கட்டணம்’ போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். மலிவு என்று அமெரிக்க விமான நிலையம் வழியாக மாறும் டிக்கெட்டை ஏஜென்ட் காட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள்; கியூபா செல்ல அமெரிக்கா அனுமதிக்கும் 12 வகைக் காரணங்களில் சுற்றுலா இல்லை. உங்களில் யாரிடமாவது பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற, அமெரிக்காவுக்கு விசா வேண்டாத நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் இன்னொன்று: 2021 சனவரி 12-க்குப் பிறகு கியூபாவில் கால் வைத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த முறை அமெரிக்கா போக முறையான விசா எடுக்க வேண்டும். இதை எந்த விளம்பரத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். பத்து நாளில் தெளிவான ‘ஆம்’ வரவில்லை என்றால், கியூபாவைப் பெயர் சொல்லி ஏற்கும் பாலிசியை நீங்களே தனியாக எடுங்கள். எடுத்தபின் ஏஜென்டிடம், தொகுப்பில் காப்பீட்டுக்காக எவ்வளவு பிடித்தீர்கள், அதைக் கழித்துத் தாருங்கள் என்று எழுதுங்கள். கழித்துத் தருவது அபூர்வம். ஆனால் அந்தத் தொகையை அவர் எழுத்தில் சொல்லும்போது, எவ்வளவு சிறிய பாலிசியை நம்பி உங்களை அனுப்ப இருந்தார் என்பது தெரிந்துவிடும்.