பிரைவேட் நம்பர் பிளேட்டும் நம்ம ஆட்களும்

வலங்கைமான் தம்பிக்கு,

ஜனவரியில் லண்டன் போகிறீர்கள். அறை எங்கே பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்குவது, அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் ‘பிரைவேட் பிளேட்’ (காசு கொடுத்து வாங்கிய இஷ்ட நம்பர்) போட்ட காரைச் சல்லிசாகத் தருகிறாராம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறையும் குளிரும் போனால் தானாகப் பிடிபடும். ஸ்வெட்டரைக் கும்பகோணத்தில் வாங்காதீர்கள், அவ்வளவுதான். கார் விஷயத்தைத்தான் சொல்லியாக வேண்டும்.

அங்கே நம்பரைப் பார்த்தாலே வண்டியின் வயது தெரியும். 2001 செப்டம்பரிலிருந்து வரும் வரிசையில் இரண்டு எழுத்துக்குப் பிறகு 24 என்றிருந்தால் 2024 மார்ச்சுக்குப் பின், 74 என்றால் அதே வருஷம் செப்டம்பருக்குப் பின் பதிவான வண்டி. பழைய வண்டியைப் புதுசாகக் காட்டும் நம்பரைப் போடச் சட்டம் விடாது. ஆனால் வருஷமே தெரியாத நம்பரைப் போடலாம். வட அயர்லாந்து நம்பர்கள் அப்படிப்பட்டவை, விலையும் கம்மி. நம்ம ஆட்களில் பாதிப் பேர் பிரைவேட் பிளேட் போடுவதே இதற்காகத்தான் என்பேன்.

என் அறையில் இருந்த திருத்துறைப்பூண்டிக்காரர் அப்படி ஒரு வண்டியை வாங்கித்தான் மாட்டிக்கொண்டார். விற்றவர் கோயிலில் தேவாரம் பாடுகிற மனிதர். காசு கைமாறும் நேரத்தில், 80 பவுண்டு கட்டித் தன் இனிஷியல் நம்பரைத் தனக்கே எடுத்துக்கொண்டார். சட்டப்படி அதில் தப்பில்லை. வண்டிக்குப் பழைய நம்பர் திரும்பி வந்த பிறகுதான் அதன் உண்மையான வயசு தெரிந்தது.

அதனால் வி5சி என்கிற லாக்புக்கில் (நம்ம ஊர் ஆர்சி புக் மாதிரி) முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். எம்ஓடி என்கிற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனை விவரம் அரசு இணையதளத்தில் இலவசம். எத்தனை மைல் ஓடியது, எதில் ஃபெயில் ஆனது எல்லாம் இருக்கும். இதையெல்லாம் கேட்டதும் விற்பவர், “நம்ம ஊர்ப் பையன், என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், இந்திய லைசென்ஸ் அங்கே 12 மாதம்தான் செல்லும்.

என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தாத்தாவின் நம்பரை வண்டிக்கு வண்டி மாற்றி வைத்திருக்கிறார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் கார் பார்க்கில் பார்ப்பதுதான் எரிச்சல். பெயராகத் தெரிய வேண்டுமென்று எழுத்துகளை நெருக்கி, இரண்டு 1-க்கு நடுவே கறுப்புத் திருகாணி வைத்து ‘எச்’ ஆக்கியிருப்பார்கள். இதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம். காசு கொட்டினாலும் நம்பர் சொந்தமாகாது, போட்டுக்கொள்ளும் உரிமைதான். 2008-ல் ‘எஃப் 1’ என்ற நம்பரை 4,40,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியவருக்கும் அதே கதைதான். நான் இன்றுவரை வண்டியோடு வந்த நம்பரில்தான் ஓட்டுகிறேன்.

இப்போது லீவில் நீடாமங்கலம் வந்திருக்கிறேன். இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? கூட்டினால் 8 வரக்கூடாது என்று தஞ்சாவூர் டிஎன் 49-க்கும் கும்பகோணம் டிஎன் 68-க்கும் ஆர்டிஓ ஆபீஸில் காசு கட்டுகிறார்கள். என் பெரியப்பா டிராக்டர் எடுத்தபோது கூட்டுத்தொகை 8 வந்துவிட்டது. மனுஷர் ஒரு வாரம் ஷோரூம் பக்கமே போகவில்லை. அலைந்து திரிந்து 6 வருகிற நம்பராக வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. குறுவை போச்சு. டிராக்டர் கொட்டகையில் நின்றது, பெரியம்மா அதன்மேல் வற்றல் காயப் போட்டார்.