அடிச்சாம்பல் பூஞ்சாணமா, இல்லையா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். மழைக்குப் பின் வந்த அடிச்சாம்பல் நோய்க்குக் கடையில் கொடுத்த கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை மூன்று முறை தெளித்தும் நோய் நிற்கவில்லை. வேளாண்மை படிக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பையன், “இது பூஞ்சாணமே இல்லை, வேறு உலகத்தைச் சேர்ந்தது” என்கிறான். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பாடநூலோ இதன் உறவான அல்புகோ என்ற நோய்க்கிருமியைப் பூஞ்சை உலகத்தில்தான் வைத்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: பையன் சொல்வதே சரி. உங்கள் மூன்று தெளிப்பும் வீணானதற்குக் காரணம் அதுவே.

பாடநூல் பின்பற்றுவது, உயிர்களை எல்லாம் ‘உலகம்’ என்ற ஐந்து பெரும் கூட்டங்களாக உயிரியலாளர் விட்டேக்கர் 1969இல் வகுத்த பிரிவினை. நூல்போன்ற உடல், வெளியிலிருந்து உணவை உறிஞ்சும் வழக்கம் என்று தோற்றத்தையும் உண்ணும் முறையையும் பார்த்துப் பிரித்ததால், அடிச்சாம்பலை உண்டாக்கும் பிளாஸ்மோபாராவும் அன்று பூஞ்சையோடு சேர்ந்துவிட்டது. பிறகு உயிரணுவின் உள்ளமைப்பையும் மரபுப்பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஊமைசீட்ஸ் எனப்படும் இந்தக் கூட்டம் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் சொந்தம் என்று தெரிந்தது. இவற்றை எல்லாம் உள்ளடக்கி உயிரியலாளர் கவலியர்-ஸ்மித் 1981இல் குரோமிஸ்டா என்ற தனி உலகத்தை முன்வைத்தார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பட்டியலையே இன்னும் மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடத்திட்டத்தைப் பற்றி நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். உங்கள் மகள் தேர்வில் நூலில் உள்ளபடியே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான் கிடைக்கும்.

தோட்டத்துக்கு வருவோம். நிஜப் பூஞ்சையின் உயிரணுச் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது, இதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் வகை. உயிரணு பிரிவதற்கு வேண்டிய ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்தித்தான் கார்பன்டாசிம் பூஞ்சையைக் கொல்கிறது. ஊமைசீட்ஸில் அந்தப் புரதத்தின் அமைப்பு வேறு என்பதால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. ஹெக்சகோனசோல் போன்ற மருந்துகள் பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுப்பவை, இதுவோ அந்தப் பொருளை உற்பத்தி செய்வதே இல்லை. மெட்டலாக்சில் என்ற மருந்து நேர்மாறானது: அடிச்சாம்பலைக் கொல்லும், நிஜப் பூஞ்சையைத் தொடாது. அதையே தனியாகத் திரும்பத் திரும்பத் தெளித்தால் நோய்க்கிருமி பழகிவிடும் என்பதால்தான் மேங்கோசெப் என்ற இன்னொரு மருந்துடன் கலந்து விற்கிறார்கள்.

கடைக்காரரை நோயறிபவராக நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது எந்த டப்பா தேங்கிக் கிடக்கிறது, எதற்குக் கமிஷன் அதிகம் என்பது. மூன்று முறை கேட்காத மருந்துக்கு நான்காவது முறை “டோஸைக் கூட்டுங்கள்” என்பார், அதோடு ஓர் ஆன்டிபயாட்டிக் பொட்டலத்தையும் தள்ளிவிடுவார். உயிரியலாளர் வோஸ் 1990இல் உலகங்களுக்கும் மேலாக வகுத்த பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று பேருலகங்களில், அந்தப் பொட்டலம் முதலாவதற்கு உரிய மருந்து. உங்கள் கொடியும், நிஜப் பூஞ்சாணமும், இந்த அடிச்சாம்பலும், நீங்களும் நானும் மூன்றாவதில் இருக்கிறோம். டப்பாவின் மேல் ‘பூஞ்சாணக்கொல்லி’ என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் அச்சிட அனுமதித்துவிட்டு, எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு என்பதைக் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் மடித்து உள்ளே வைக்கும் முறையை யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் ஒரு நாளாவது கொடிப் பந்தலுக்குக் கீழே நின்று அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தாமிரம் எந்த உலகம் என்று பார்ப்பதில்லை; பூஞ்சை, ஊமைசீட்ஸ், பாக்டீரியா மூன்றையுமே தாக்கும். பிரான்சின் மெடோக் பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில் துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே, ஆராய்ந்து 1885இல் வெளியிட்டதே போர்டோ கலவை. ஒரு சத வீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில் துத்தத்தை ஐம்பது லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரிலும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். மினுக்கான இரும்புக் கத்தியை நனைத்துப் பார்த்துச் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்று கலந்ததை அன்றே தெளித்துவிடுங்கள். ஆனால் இது இலையின் மேல் நின்று காக்கும் மருந்து; உள்ளே நுழைந்துவிட்ட நோயை வெளியேற்றாது. மழை தொடங்குமுன் தெளிக்க வேண்டியதை நோய் முற்றிய பின் தெளித்துவிட்டுக் கலவையைக் குறை சொல்லக் கூடாது.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டும், அதற்கு நேர் கீழே வெள்ளைப் பஞ்சும் இருந்தால் அடிச்சாம்பல். மேற்புறத்திலேயே விரலால் துடைத்தால் வரும் வெண்பொடி சாம்பல் நோய். அது நிஜப் பூஞ்சை, கந்தகத்துக்குக் கட்டுப்படும். சந்தேகமிருந்தால் நான்கைந்து இலைகளைக் காகித உறையில் போட்டு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். பாலிதீன் பையில் கொண்டுபோனால் வியர்த்து அழுகிவிடும்.