மெட்ரோ அட்டையிலேயே ரயிலிலும் போகலாமா?

கேள்வி: தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு அடிக்கடி ரயிலில் செல்கிறேன். அங்கே மெட்ரோவில் பயன்படுத்தும் அட்டையையே ரயிலிலும் பயன்படுத்தும் காலம் வருமா?
- வாசகர், தருமபுரி

பதில்: அட்டை ஆயத்தமாகவே இருக்கிறது, ரயில் நிலையங்கள்தான் ஆயத்தமாக இல்லை. 2019 மார்ச்சில் தொடங்கப்பட்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை பெங்களூரு, சென்னை மெட்ரோ இரண்டிலும் செல்லும். மெட்ரோவில் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் தானியங்கிக் கதவுகள் அட்டையைப் படிப்பதால், எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள் என்று கணக்கிட்டுக் கட்டணம் கழிக்கப்படுகிறது. தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் போன்ற நிலையங்களில் அத்தகைய கதவுகள் இல்லை. மேலும் ஒரே தூரத்துக்கு விரைவு ரயிலுக்கு ஒரு கட்டணமும் சாதாரண ரயிலுக்கு வேறொரு கட்டணமும் இருக்கையில், எந்த ரயிலில் சென்றீர்கள் என்பதை நிலையக் கதவு மட்டும் எப்படி அறியும்?

ரயில்வேக்கே ஒரு ஸ்மார்ட் கார்டு இருக்கிறதே என்றால், தானியங்கிப் பயணச்சீட்டு இயந்திரங்களுக்கான அது முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பை மட்டுமே. பயணச்சீட்டைத் தனியே அச்சிட்டு எடுத்தாக வேண்டும்.

ரயில்வேயின் நாட்டம் கைபேசியின் பக்கமே இருக்கிறது என்பது, 2025 ஜூலையில் வெளியான ரயில்ஒன் செயலியில் முன்பதிவற்ற பயணச்சீட்டும் கிடைப்பதிலிருந்து தெரிகிறது. (கைபேசிப் பழக்கமில்லாத முதியவர்களுக்கு அட்டையே எளிது என்பது வேறு.) பொது அட்டை வந்தாலும் முதலில் பெருநகரப் புறநகர் ரயில்களுக்கே வரும் என்று கருதுகிறேன், அதுவரை தருமபுரியில் பயணச்சீட்டு, பெங்களூரில் அட்டை என இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.